தொடங்கும்போதும் நிறுத்தும்போதும்

மனச்சோர்வுக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையை முதன்முதலாகப் போட்டுக்கொள்கிறவருக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் பக்கவிளைவுதான். நிவாரணம் பிறகு வரும். குமட்டல், வயிற்றுக் கலக்கல், தலைவலி, வியர்வை, கை நடுக்கம், ராத்தூக்கம் கெடுவது அல்லது பகலிலும் கண் சொருகுவது என்று ஏதாவது ஒன்று முதல் சில நாட்களிலேயே தலைகாட்டும். மனம் லேசாகத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முழுப்பலன் தெரிய ஆறு வாரமும் ஆகலாம். ஏற்கெனவே நம்பிக்கை இழந்து நிற்கும் ஒருவரிடம், இப்போது இன்னும் கொஞ்சம் சிரமப்படுங்கள், பலனை அடுத்த மாதம் பாருங்கள் என்று கேட்கிற மருந்து இது. பத்தாம் நாளே பலர் மாத்திரை அட்டையை அலமாரிக்குள் போட்டு மூடிவிடுவதில் வியப்பில்லை.

நம்மிடையே இந்த மாத்திரைகளைப் பற்றிய பேச்சு இரண்டே தடங்களில் ஓடுகிறது. ஒரு பக்கம், "அது தூக்க மாத்திரை, பழகிவிட்டால் விடவே முடியாது, மூளை மழுங்கிவிடும்" என்ற பயம். இன்னொரு பக்கம், "ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போடுங்கள்" என்ற ஆறுதல். இரண்டாலும் நோயாளிக்குப் பயனில்லை. கடந்த 70 ஆண்டு அனுபவத்தைப் படிக்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்: இந்த மருந்துகளின் ஆபத்து எல்லா நாட்களிலும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. தொடங்கும்போது, அளவை மாற்றும்போது, வேறொரு மருந்தோடு சேரும்போது, நிறுத்தும்போது என்று சில திருப்பங்களில் குவிகிறது. நோயாளி மருத்துவரின் கண்ணில் படாமல் தனியாக இருப்பதும் அதே திருப்பங்களில்தான்.

இன்று அதிகம் எழுதப்படுபவை எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள். ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின், பராக்ஸெடின், சிட்டலோபிராம், எஸ்சிட்டலோபிராம் எல்லாம் இந்தக் குடும்பம். ஒரு நரம்பணு வெளியிட்ட செரட்டோனினைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வழியை இவை அடைக்கின்றன. அதனால் நரம்பணுக்களுக்கு நடுவே செரட்டோனின் கூடுதல் நேரம் தங்குகிறது. ஆனால் விழுங்கிய மருந்து மூளைக்கு மட்டும் போவதில்லை. உடலிலுள்ள செரட்டோனினில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குடலில்தான் இருக்கிறது. குடலின் அசைவை நடத்துவதும், கெட்டுப்போனதைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்கச் சொல்லி மூளைக்குத் தகவல் அனுப்புவதும் அதன் வேலைகள். மாத்திரை உள்ளே போனதும் அங்கும் செரட்டோனின் ஏறுகிறது. குமட்டல் அதனால் வருகிறது. புற்றுநோய்ச் சிகிச்சையில் வாந்தியை நிறுத்தத் தரும் ஒன்டான்செட்ரான், செரட்டோனின் வந்து ஒட்டும் ஏற்பிகளில் ஒரு வகையை அடைத்துத்தான் வேலை செய்கிறது. இந்தக் குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். சாப்பாட்டுக்குப் பின் போட்டால், பாதி அளவில் தொடங்கினால் இன்னும் குறையும். இவ்வளவையும் முன்கூட்டியே சொல்லிவிட ஒரு நிமிடம் போதும்.

குடலில் உடனே தெரிவது மூளையில் ஏன் தாமதமாகிறது? செரட்டோனின் கூடியதைக் கண்டதும் நரம்பணுவே சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது, அந்தத் தடை தளர நாட்கள் ஆகின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இங்கே ஒரு பழைய கதையையும் களைந்துவிடலாம். மூளையில் செரட்டோனின் குறைவதுதான் மனச்சோர்வு, மாத்திரை அதை நிரப்புகிறது என்று பல ஆண்டுகள் விளம்பரங்களும் சில மருத்துவர்களும் சொல்லிவந்தார்கள். 2022இல் ஜோனா மான்க்ரீஃப் தலைமையிலான குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதியது. மருந்தே வேலை செய்யாது என்று இதற்குப் பொருளாகிவிடாது. ஆனால் "குறைபாட்டைச் சரிசெய்கிறோம்" என்ற நினைப்பு இருந்தால் நிறுத்துவது எப்போது, எப்படி என்ற கேள்வியே எழாமல் போய்விடும்.

முதல் வாரங்களில் குமட்டலைவிடப் பெரிதாகக் கவனிக்க வேண்டியது ஒருவகை நிலைகொள்ளாமை. உட்கார முடியாது, நிற்க முடியாது. உள்ளுக்குள் ஏதோ பிறாண்டுவது போலிருக்கும். எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்துவரும். பெரும்பாலோருக்கு இது வராது. வருகிறவர்களில் இளையவர்களுக்குத்தான் கவலை அதிகம். சிலரிடம் தற்கொலை எண்ணத்தையே இது கிளப்பிவிடக்கூடும். மனச்சோர்வைத் தணிக்க வந்த மருந்து அப்படிச் செய்யும் என்பதை ஒப்புக்கொள்ள மருத்துவ உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட விதமும் கௌரவமானதாக இல்லை.

ஆய்வு எண் 329 என்று பெயர் பெற்ற கதை அது. 1994 முதல் 1998 வரை, பராக்ஸெடின் தயாரித்த ஸ்மித்க்ளைன் பீச்சம் நிறுவனத்தின் செலவில், மனச்சோர்வுள்ள 275 வளரிளம் பருவத்தினரிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்குப் பராக்ஸெடின், ஒரு பிரிவுக்குப் பழைய மருந்தான இமிப்ரமின், ஒரு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. 2001இல் வெளிவந்த கட்டுரை, பராக்ஸெடின் பலன் தருகிறது, பொதுவாக நன்றாகவே தாங்கிக்கொள்ளப்படுகிறது என்றது. அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு அந்த மருந்தை எழுதுவதற்கு அது ஒரு சான்றிதழாகப் பயன்பட்டது. உள்ளே இருந்த தரவு அப்படிச் சொல்லவில்லை. சோதனை தொடங்கும் முன் வகுத்த முக்கிய அளவுகோல்களில் மருந்து வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. தற்கொலை முயற்சியும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் "உணர்ச்சித் தடுமாற்றம்" என்ற சாதுவான தலைப்பின்கீழ் பதியப்பட்டிருந்தன. அட்டவணையை மேலோட்டமாகப் புரட்டுகிற மருத்துவர் அந்தச் சொற்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

2003 ஜூனில் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 18 வயதுக்குட்பட்டோரின் மனச்சோர்வுக்குப் பராக்ஸெடின் தரக்கூடாது என்று எச்சரித்தது. அடுத்த ஆண்டு நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்ஸர், அதற்குள் கிளாக்ஸோஸ்மித்க்ளைன் ஆகியிருந்த அந்த நிறுவனத்தின் மீது பாதகமான தரவை மறைத்ததாக வழக்குத் தொடர்ந்தார். 25 லட்சம் டாலரில் வழக்கு முடிந்தது. 2012இல் பராக்ஸெடினைச் சிறுவருக்குப் பரப்பியது உட்படப் பல மருந்துகள் தொடர்பான குற்றச்சாட்டுகளுக்காக அதே நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 300 கோடி டாலர் கட்டியது. 2015இல் வேறொரு குழு மூலத் தரவை எடுத்து மறுபடி கணக்கிட்டு, மருந்தால் பலனும் இல்லை, தீங்கும் கூடியது என்று பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியிட்டது. முதல் கட்டுரைக்கும் இதற்கும் இடையில் 14 ஆண்டுகள்.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பல மருந்துகளில் நடந்த 24 சோதனைகளை, 4,400க்கும் மேற்பட்ட சிறுவர்களின் தரவை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்தவர்களில் 4 விழுக்காடு, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 விழுக்காடு. அந்தச் சோதனைகளில் ஒருவர்கூட இறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2004 அக்டோபரில் மருந்தின் தகவல் தாளில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட உத்தரவாயிற்று. 2007இல் அது 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட வயதினரிடம் இந்த ஏற்றம் காணப்படவில்லை. 65 தாண்டியவர்களிடம் ஆபத்து குறையவே செய்தது. ஆகவே கல்லூரி வயதுப் பிள்ளைக்கு மாத்திரை தொடங்கிய முதல் மாதத்தில் வாரம் ஒருமுறையாவது யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். "ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்புவது இந்த வயதில் சரியில்லை.

இதே கட்டத்தில் இன்னொரு பொறியும் உண்டு. சிலருக்கு மேலே தெரிவது மனச்சோர்வு. அடியில் இருப்பது இருமுனைக் கோளாறு. அவர்களுக்கு இந்த மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனம் எதிர்த்திசைக்குத் தாவிவிடலாம்: தூக்கமே வேண்டாம், பேச்சு நிற்காது, கையிலிருக்கும் காசெல்லாம் கரையும். வீட்டார் முதலில் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். குடும்பத்தில் யாருக்காவது அப்படி வந்திருந்தால் கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

முதல் மாதம் கடந்து மருந்து பழகிவிட்டால் பெரும்பாலான சில்லறைத் தொல்லைகள் விலகிவிடும். விலகாமல் தங்குபவற்றில் முதலாவது யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. பாலுறவில் நாட்டம் குறைவது, உச்சத்தை எட்ட முடியாமல் போவது, விந்து வெளிப்படத் தாமதமாவது. ஸ்பெயினில் 1997இல் வெளியான ஓர் ஆய்வு இந்த மௌனத்தை எண்ணால் அளந்தது. எஸ்.எஸ்.ஆர்.ஐ. எடுத்த 344 பேரில் தாமாக இந்தத் தொல்லையைச் சொன்னவர்கள் 14 விழுக்காடு. மருத்துவரே நேராகக் கேட்டபோது ஒப்புக்கொண்டவர்கள் 58 விழுக்காடு. மருந்தின் ஆரம்பகாலச் சோதனைகளில் இந்தப் பக்கவிளைவு அபூர்வம்போல் தோன்றியதற்கு, யாரும் கேட்கவில்லை என்பதே பெரிய காரணம். இதற்கு ஒரு வேடிக்கையான மறுபக்கம் இருக்கிறது: விந்து முந்துதலுக்கு இந்தியக் கடைகளில் கிடைக்கும் டாபாக்ஸெடினும் ஓர் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துதான். ஒருவருக்குத் தொல்லையாக இருப்பது இன்னொருவருக்குச் சிகிச்சை.

நம் ஊரில் புதிதாகக் கல்யாணமான ஒருவர் இதைப் பற்றி யாரிடம் பேசுவார்? மாத்திரையை நிறுத்திவிடுவார், காரணம் கேட்டால் "சரியாயிடுச்சு" என்பார். அளவைக் குறைப்பது, மிர்டாஸபின், புப்ரோபியான் போன்ற மாற்று மருந்துக்குப் போவது என்று வழிகள் இருக்கின்றன. கேட்டால்தான் அவை திறக்கும். மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு இந்தக் குறை நீடிக்கிறது என்பதை 2019இல் ஐரோப்பிய மருந்து அமைப்பு ஏற்று, எச்சரிக்கைத் தாளில் சேர்க்கச் சொன்னது. இது அரிது, ஆனாலும் நோயாளியின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

இன்னொன்று மனம் மரத்துப்போவது. அழுகை நின்றுவிடுகிறது, அதோடு சிரிப்பும் தட்டையாகிவிடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. 2023இல் கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 66 பேரில் ஒரு பகுதியினருக்கு எஸ்சிட்டலோபிராமும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் மூன்று வாரத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்கள் பரிசு, தோல்வி என்ற பின்னூட்டத்திலிருந்து கற்றுக்கொள்வது மந்தமாகியிருந்தது. வலியைத் தணிப்பதும் மகிழ்ச்சியைத் தணிப்பதும் ஒரே கைவேலையாக இருக்கலாம். சிலருக்கு அது விடுதலை, சிலருக்கு இழப்பு. எது என்று அவர் மட்டுமே சொல்ல முடியும்.

வயதானவர்களிடம் கதை வேறு. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் "உப்பு குறைஞ்சிடுச்சு" என்று அடிக்கடி கேட்கிறோம். இரத்தத்தில் சோடியம் இறங்குவதற்கான காரணங்களில் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளும் உண்டு. சிறுநீரகம் தண்ணீரை வெளியேவிடாமல் பிடித்துவைக்கும்படி செய்யும் ஹார்மோனை இவை தூண்டிவிடுகின்றன. முதல் சில வாரங்களில், அதிலும் இரத்த அழுத்தத்துக்காக ஹைட்ரோகுளோரோதயாசைட் போன்ற நீர்பிரிப்பு மாத்திரை போடும் வயதான பெண்களிடம், இது அதிகம். பாட்டி திடீரென்று பேர் மறக்கிறார், தள்ளாடுகிறார், ராத்திரியில் எழுந்து விழுகிறார். வயதாகிவிட்டது, ஞாபக மறதி என்று வீடு முடிவு கட்டிவிடும். மருந்து தொடங்கிய இரண்டாம் வாரம் ஒரு சோடியம் பரிசோதனை செய்தால் போதும், விஷயம் வெளிவந்துவிடும்.

இரத்தத் தட்டுகளும் செரட்டோனினை நம்பியிருக்கின்றன. அவற்றால் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது. இரத்தத்திலிருந்து உறிஞ்சிச் சேமித்துவைத்து, காயம்பட்ட இடத்தில் கொட்டி இரத்தத்தை உறையவைக்கும். மாத்திரை அந்த உறிஞ்சும் வழியையும் அடைத்துவிடுகிறது. தனியாக இதனால் பெரிய கேடில்லை. மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், இதயத்துக்கு ஆஸ்பிரின் என்று கூடவே போய்க்கொண்டிருந்தால் இரைப்பையில் இரத்தக் கசிவுக்கான வாய்ப்பு ஏறுகிறது. சிட்டலோபிராம் அளவு கூடினால் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்கும் என்று எஃப்.டி.ஏ. 2011இல் எச்சரித்து, நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்றது. அடுத்த ஆண்டு, 60 வயது தாண்டியவர்களுக்கு 20 மில்லிகிராம்தான் உச்சம் என்றது.

பழைய தலைமுறை மருந்தான அமிட்ரிப்டிலினையும் மறந்துவிடக் கூடாது. மலிவு என்பதால் ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் சிறிய அளவில் நிறையப் பேருக்கு எழுதப்படுகிறது. அது மனச்சோர்வு மருந்து என்றே அவர்களில் பலருக்குத் தெரியாது. வாய் காய்வது, மலச்சிக்கல், புராஸ்டேட் சுரப்பி வீங்கிய முதியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வது, எழும்போது தலைசுற்றி விழுவது இதன் வழக்கமான தொல்லைகள். அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும் தன்மை புதிய மருந்துகளைவிட இதற்கு மிக அதிகம். வீட்டில் மனம் உடைந்தவர் ஒருவர் இருந்தால் இந்த மாத்திரையைக் குடும்பத்தில் வேறொருவர் வைத்திருந்து எடுத்துக்கொடுப்பது நல்லது.

கலப்பு ஆபத்துக்கு வருவோம். அதன் கதை இந்த மருந்துகளின் பிறப்பிலிருந்தே தொடங்குகிறது. மனச்சோர்வு மருந்து பிறந்ததே ஒரு பக்கவிளைவில்தான். 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டிலுள்ள சீ வியூ காசநோய் மருத்துவமனையில் இப்ரோனியாஸிட் என்ற மருந்தைச் சோதித்தபோது, நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாகிவிட்டார்கள். அந்த உற்சாகத்தையே மருந்தாக்கியபோது மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் தடுப்பி என்ற வகை உருவாயிற்று. இப்ரோனியாஸிட் கல்லீரலைக் கெடுத்ததால் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. அதன் உறவுக்காரர்கள் நிலைத்தார்கள். 1960களின் தொடக்கத்தில் அந்த வகை மாத்திரை எடுத்த சிலருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்து, இரத்த அழுத்தம் எகிறியது. சிலருக்கு மூளையில் இரத்தம் கசிந்தது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையிலிருந்த பேரி பிளாக்வெல் என்ற இளம் மருத்துவர் இதைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். அதைப் படித்த நாட்டிங்காம் மருந்தாளுநர் ஒருவர், தன் மனைவிக்குப் பாலாடைக்கட்டி தின்ற பிறகு இரண்டு முறை இப்படி வந்தது என்று கடிதம் போட்டார். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1963இல் பிளாக்வெல் அதை நிறுவிக்காட்டினார். புளிக்கவைத்த பாலாடைக்கட்டியிலுள்ள டைரமின் என்ற பொருளைக் குடலிலேயே சிதைக்க வேண்டிய நொதியை மாத்திரை முடக்கியிருந்தது. ஒரு மருந்தின் பெரிய ஆபத்தை வெளிக்கொண்டுவந்தது, மனைவியின் தட்டில் என்ன இருந்தது என்று கவனித்த ஒரு கணவர்.

அந்த வகை மருந்து இன்று நம் நாட்டில் அரிது. ஆனால் கலப்பு ஆபத்து போய்விடவில்லை. 1984 மார்ச்சில் லிபி சயான் என்ற 18 வயது மாணவி காய்ச்சலும் நடுக்கமுமாக நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார். அவர் ஃபெனெல்ஸின் என்ற மனச்சோர்வு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். நடுக்கத்தை அடக்க அவருக்குப் பெத்திடின் என்ற வலிமருந்து ஊசி போடப்பட்டது. காய்ச்சல் கட்டுக்கடங்காமல் ஏறி, மறுநாள் காலையில் இறந்தார். இரு மருந்தும் சேர்ந்து உண்டாக்கிய செரட்டோனின் மிகையே காரணம் என்று பின்னர் பரவலாகக் கருதப்பட்டது. ஓய்வில்லாமல் வேலை பார்த்த பயிற்சி மருத்துவர்கள் கவனித்த நோயாளி என்பதால், நியூயார்க் மாநிலம் 1989இல் அவர்களின் வேலை நேரத்தை வாரம் 80 மணியாகக் குறைத்தது. அந்தச் சட்டம் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. இன்றைய எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகளோடு நம் ஊரில் சேரக்கூடியவை டிராமடால் என்ற வலி மாத்திரை, இருமல் மருந்துகளிலுள்ள டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன், மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரும் லினஸோலிட். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் உடல் நடுங்கி, வியர்த்துக்கொட்டி, கால் தசைகள் வெட்டி இழுத்து, காய்ச்சலும் ஏறினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்ஸிஃபென் எடுப்பவருக்குப் பராக்ஸெடினோ ஃப்ளுவாக்ஸெடினோ கூடாது. டாமாக்ஸிஃபென் உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதையே அவை தடுக்கின்றன. எந்த மருத்துவரிடம் எதற்குப் போனாலும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போவதைத் தவிர இதற்கு வேறு குறுக்குவழி கிடையாது.

நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் அலட்சியம் செய்யப்பட்ட கட்டம். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் மாத்திரையை எடுத்துப்போக மறந்துவிட்டார். மூன்றாம் நாள் தலை கிறுகிறுக்கிறது, கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் பட்டதுபோல் சொடுக்குகிறது, விசித்திரக் கனவுகள், காரணமில்லாத அழுகை. நோய் திரும்பிவிட்டது என்று அவரும் நினைக்கிறார், சில நேரம் மருத்துவரும் நினைக்கிறார். நோய் திரும்புவதென்றால் வாரக்கணக்கில் மெல்ல வரும். விட்ட இரண்டு முதல் நான்கு நாளில் வந்து, மாத்திரையை மறுபடி போட்டதும் மறைந்தால் அது நிறுத்தியதன் விளைவு. வென்லாஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மருந்து உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரமே ஆகும் என்பதால் ஒரு வேளை தவறினாலும் சிலருக்குத் தெரிந்துவிடும். பராக்ஸெடினும் தொல்லை தரும். ஃப்ளுவாக்ஸெடின் வாரக்கணக்கில் உடலில் தங்குவதால் மெதுவாகத்தான் வெளியேறும்.

இந்த அறிகுறிகள் லேசானவை, ஒரு வாரத்தில் போய்விடும் என்றுதான் பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டி முன்பு சொன்னது. மாதக்கணக்கில் அவதிப்பட்ட நோயாளிகள் ஒன்றுசேர்ந்து பேசியபிறகு, 2019இல் அங்குள்ள மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி தன் நிலையை மாற்றிக்கொண்டது. எவ்வளவு பேருக்கு வருகிறது என்பதில் நீண்ட சண்டை நடந்தது. 2024இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான தொகுப்பு 79 ஆய்வுகளைப் பார்த்தது: மருந்தை நிறுத்தியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் வந்தன, வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினருக்கு வந்தன. அதாவது மருந்தின் கணக்கில் சேர்க்கத்தக்கது ஆறேழு பேரில் ஒருவர். கடுமையாக அவதிப்படுபவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு மூவர். இந்த ஆய்வுகளில் பல குறுகிய காலம் மருந்து எடுத்தவர்களைப் பற்றியவை. ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்களுக்கு இதே எண்ணைப் பொருத்துவது சரியாகாது என்பது என் எண்ணம்.

மார்க் ஹொரோவிட்ஸ் என்பவர் லண்டனில் மனச்சோர்வு மருந்துகளைப் பற்றியே முனைவர் பட்டம் வாங்கியவர். தானே எடுத்துவந்த எஸ்சிட்டலோபிராமை நிறுத்தப் போய்க் கடுமையாக அவதிப்பட்டார். 2019இல் டேவிட் டெய்லர் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை ஒரு எளிய கணக்கைக் காட்டியது. சிட்டலோபிராம் 20 மில்லிகிராம், செரட்டோனின் உறிஞ்சும் வழிகளில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை அடைக்கிறது. அளவை மூன்று மடங்காக்கி 60 ஆக்கினாலும் அடைப்பு 88தான். மாறாகக் கீழே இறங்கினால், 9 மில்லிகிராமிலும் 70 விழுக்காடு அடைபட்டே இருக்கிறது. பாதியாவது வெறும் 3 மில்லிகிராமுக்குச் சற்று மேலேதான். ஆகவே 20, 10, 5, பூஜ்யம் என்று இறங்குவது, மேலே சிறுசிறு படிகளும் கடைசியில் ஆள் உயரப் படியுமாகக் கட்டிய மாடிப்படியில் இறங்குவதுதான். கடைசிப் படியில் விழுகிறவரைப் பார்த்து, "5 மில்லிகிராம்கூட இல்லாமல் இருக்க முடியவில்லையே, உங்களுக்கு ஆயுள் முழுக்க மருந்து வேண்டும்" என்று சொல்லிவிடுகிறோம். நெதர்லாந்தில் நாளுக்கு நாள் நுண்ணிய அளவில் குறையும் மாத்திரைப் பட்டைகளே உருவாக்கினார்கள். நம் கடைகளில் எஸ்சிட்டலோபிராம் 5 மில்லிகிராம் மாத்திரைதான் வழக்கமான அடிமட்டம். அதற்குக் கீழே உடைத்துக் குறைக்கவோ வேறு மருந்தின் துணையோடு இறங்கவோ மருத்துவர் வழிகாட்ட வேண்டும். நீண்ட நாள் எடுத்தவருக்கு அதற்கு மாதங்கள் ஆகலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது குறைக்கும் முறை ஆகாது. சீக்கிரம் வெளியேறும் மருந்துகளில் அது தினமும் ஏறி இறங்கவைக்கும்.

இந்தியாவில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. எஸ்சிட்டலோபிராமையும் குளோனஸிபாம் என்ற பதற்ற மருந்தையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்கிறார்கள். முதல் இரண்டு மூன்று வாரப் படபடப்பைத் தணிக்கக் குளோனஸிபாம் உதவும். ஆனால் அதற்கு மேல் போனால் பழக்கமாகிவிடக்கூடியது அதுதான். கூட்டு மாத்திரையில் ஒன்றை மட்டும் குறைக்க வழியில்லை. நிறுத்தினால் இரண்டும் ஒன்றாக நின்றுவிடும். "பழகிவிடும்" என்ற பொதுப் பயத்துக்குப் பாதிக் காரணம் இந்தக் கூட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. இது சட்டப்படி சீட்டில்லாமல் தரக்கூடாத மருந்து. பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர். அளவைக் குறைத்துப் பார்க்கும்படி அவர்களிடம் சொல்ல ஆளே இல்லை.

இவ்வளவும் சொன்னபின், மாத்திரை வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. 2018இல் ஆண்ட்ரியா சிப்ரியானி என்ற ஆய்வாளரின் குழு 522 சோதனைகளை, 1,16,477 பேரின் தரவைத் தொகுத்தது. சோதித்த 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தன. மேம்பாடு சராசரியில் மிதமானதுதான். கடுமையான மனச்சோர்வில் தவிப்பவருக்கு அது உயிர் காப்பதாகவும் இருக்கும். நன்றாகத் தேறிய, நீண்ட நாள் மருந்து எடுத்த 478 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2021இல் வெளியான சோதனையில், தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. இதையே திருப்பிப் பார்த்தால், நிறுத்தியவர்களில் 44 விழுக்காட்டினருக்கு அந்த ஓராண்டில் நோய் திரும்பவில்லை. இரண்டு எண்ணையும் நோயாளியிடம் சொல்ல வேண்டும். லேசான சோர்வுக்கு மனநல ஆலோசனையும் உடற்பயிற்சியும் முதலில். நடுத்தர, கடுமையான நிலைக்கு மாத்திரை தயங்காமல். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மனச்சோர்வுள்ளவர்களில் 85 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை. அவர்களைப் பயமுறுத்துவது இந்தக் கட்டுரையின் வேலை ஆகாது.

இப்போது மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். கருவுற்றிருப்பது தெரிந்ததும் பயந்துபோய் ஒரே நாளில் விட்டுவிடும் பெண்களுக்கும் இதையேதான் சொல்ல வேண்டும்: முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். அடுத்த முறை போகும்போது, எவ்வளவு காலம் எடுக்க வேண்டும், எப்படிக் குறைப்போம் என்று நீங்களே கேளுங்கள். மாத்திரை தொடங்கிய வாரங்களில் சாகும் எண்ணம் வந்தால், அல்லது வீட்டில் ஒருவர் இருப்புக்கொள்ளாமல் தவிப்பதைப் பார்த்தால், அடுத்த தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். எழுதித் தந்த மருத்துவரை அன்றே கூப்பிடுங்கள். கிடைக்காவிட்டால் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போகலாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.